எழுத்துப் பிழையும் தலையெழுத்தும்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி ஆகிய ஊர்களிலும் அவற்றைச் சுற்றியுள்ள கிராமங்களிலும் இன்று வெளிநாட்டில் பிழைக்கும் பிள்ளை இல்லாத தெரு அநேகமாய் இல்லை என்றே சொல்லலாம். தொழிற்பேட்டையில் கடைசல் வேலை பார்த்தவரின் மகனும், கனரக வாகனத் தொழிற்சாலையில் உழைத்து ஓய்வு பெற்றவரின் மகனும் படித்துக் கனடாவிலும் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் உத்தியோகம் பார்க்கிறார்கள். நமக்கு இதில் சந்தோஷமே. கடல் தாண்டினால் சாதி போய்விடும் என்று சாஸ்திரம் பேசியவர்களின் பிள்ளைகள்தான் உத்தியோகத்துக்கென்று முதல் கப்பலில் ஏறிப் போனார்கள். நம் பிள்ளைகள் கடைசியிலாவது போனார்களே என்பது நமக்குத் திருப்தி.

இது நிற்க. அப்படிப் போனவர்கள் ஊருக்கு வந்து கலியாணம் செய்துகொண்டு திரும்பிய பின், மனைவியை அழைத்துக்கொள்ள அந்நாட்டுச் சர்க்காருக்கு விண்ணப்பம் போட வேண்டியிருக்கிறது. அது முடிவாகும் வரையில் அந்தப் பெண் மாமியார் வீட்டில் ஒரு காலும் தாய் வீட்டில் ஒரு காலுமாக மாதக் கணக்கிலும், சில சமயம் வருஷக் கணக்கிலும் காத்துக் கிடக்கிறாள். இந்த நிலையில் விண்ணப்பத்தில் ஒரு பிழை இருப்பது தெரிய வருகிறது. தேதி மாறியிருக்கும், பெயர் மாறியிருக்கும், "ஆம்" என்ற இடத்தில் "இல்லை" என்று விழுந்திருக்கும். ஏமாற்ற வேண்டும் என்று எவரும் எழுதியதல்ல. கண் தப்பியும், கை தப்பியும், கேள்வி விளங்காமலும் நேர்ந்தது. ஏமாற்றுகிறவர்களைப் பற்றி நமக்கு இங்கு பேச்சில்லை. அவர்கள் பாடு, அந்தச் சர்க்கார் பாடு. யோக்கியமாய்ப் பிழை செய்தவர்கள், பிழை என்று தெரிந்த மறுநாள் என்ன செய்கிறார்கள் என்பதே நம் விசாரணை.

முதலில் ஜாதகம் வெளியே வருகிறது. "பெண்ணுக்குச் சனி பார்வை, அதனால்தான் காகிதத்தில் கோளாறு" என்கிறான் ஜோசியன். உடனே அவள் காலடி எடுத்து வைத்த வேளை சரியில்லை என்று வீட்டில் பேச்சு கிளம்புகிறது. தரகன் கடைக் கம்ப்யூட்டரில் எவனோ ஒருவன் தப்பாய்த் தட்டிய எழுத்துக்குக் கிரகம் பொறுப்பு. கிரகத்துக்கு அந்தப் பெண் பொறுப்பு! தட்டியவனுக்கு மாத்திரம் ஒரு பொறுப்பும் இல்லை. அவனுக்குக் கூலியும் கொடுத்தாயிற்று.

பிறகு கோவில். பழவந்தாங்கலில் "விசா" கணபதி என்றே ஒருவரை வைத்திருக்கிறார்கள். ஐதராபாத்துக்குப் பக்கத்தில் சில்க்கூரில் "விசா" பாலாஜி. அங்கே 11 சுற்றுச் சுற்றி வேண்டிக்கொண்டு, காரியம் முடிந்த பிறகு 108 சுற்றுச் சுற்ற வேண்டுமாம். உலகத்தைச் சுற்றி வரச் சொன்னபோது வீட்டைவிட்டு அடி எடுத்து வைக்காமல், தாய் தகப்பனைச் சுற்றி வந்து பழத்தை வாங்கிக்கொண்டவர் என்று பக்தர்களே கதை சொல்லும் பிள்ளையாரிடத்தில் போய், கடல் தாண்ட விசா கேட்கிறார்கள்! அவ்வளவு தூரம் போக முடியாத நம் பக்கத்துக்காரர்களுக்கு மாங்காடு இருக்கிறது. ஆறு வாரம் விடாமல் எலுமிச்சம்பழம் கொண்டுபோவது அங்கத்திய வழக்கம். ஆறு வாரம் என்றால் 42 நாள். அந்த 42 நாளும் அந்தப் பிழை அந்த விண்ணப்பத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 43-ஆம் நாள் அதிகாரி அதைத் தானாகவே கண்டுபிடித்து, "ஏன் இப்படி எழுதினாய்?" என்று கேட்டுக் கடிதம் அனுப்பினால், முதல் வாரமே நாலு வரி எழுதிப் போட்டிருந்தால் பிழையாய் இருந்திருக்க வேண்டியது, இப்பொழுது மறைத்த குற்றமாகத் தோன்றுகிறது.

நம்முடைய விஷயம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. பிழைக்கும் பொய்க்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தைப் பார்த்தால் தெரியாது. இரண்டும் ஒரே மாதிரித்தான் இருக்கும். தெரிந்த பிறகு அந்த மனிதன் என்ன செய்தான் என்பதை வைத்துத்தான் எந்த அதிகாரியும் வித்தியாசம் கண்டுகொள்ள முடியும்.

அந்நியச் சட்டங்களும் இதை அறியாதவை அல்ல. இங்கிலாந்தில் குடியேற்ற விண்ணப்பத்தில் வஞ்சகம் செய்ததாகத் தீர்மானித்தால் 10 வருஷம் வரையில் கதவை அடைக்க இடமுண்டு. ஆனால் 2010-ல் அந்நாட்டு அப்பீல் கோர்ட்டு ஒரு வழக்கில், பொய்யான தகவல் என்று சட்டம் சொல்வது யோக்கியப் பொறுப்பின்றிச் சொன்ன பொய்யைத்தான், அறியாமல் சொன்ன தப்பை அல்ல என்று தீர்ப்புச் செய்தது. 2019-ல் அதே கோர்ட்டு, வருமானவரிக் கணக்கு பேதப்பட்டதைக் கொண்டு நாணயமற்றவர்கள் என்று தள்ளப்பட்ட உத்தியோகஸ்தர்கள் விஷயத்தில், அப்படித் தீர்மானிக்கு முன் அவர்களுக்குச் சமாதானம் சொல்லச் சந்தர்ப்பம் கொடுத்தாக வேண்டும் என்றது. அமெரிக்காவில் தெரிந்தே முக்கிய விஷயத்தைப் புரட்டிச் சொன்னவனுக்கு ஆயுள் முழுதும் தடை. தனியே விலக்குப் பெற்றால்தான் உண்டு. ஆனால் அங்கேயும், அதிகாரி கண்டுபிடிக்கு முன் காலத்தில் தானாகவே திருத்திச் சொன்னவனை அந்தத் தடையில் சேர்ப்பதில்லை என்பது நெடுநாளைய வழக்கு.

கனடா இவற்றிலும் கண்டிப்பு. அங்கத்திய குடியேற்றச் சட்டம் 40-ஆவது பிரிவின்படி முக்கிய விஷயத்தைத் தப்பாய்ச் சொன்னால் 5 வருஷத் தடை. நேராகச் சொன்னாலும், பிறர் மூலம் சொன்னாலும் ஒன்றே. அதாவது தரகன் எழுதினான், நான் பார்க்கவில்லை என்கிற சமாதானம் பெரும்பாலும் செல்லாது. யோக்கியமாய் நம்பி எழுதினேன் என்பதும் மிக அருமையாகவே செல்லும்.

கனடா சம்பந்தமாக இன்னொரு விஷயம். நம் பக்கத்துக்காரர்கள் இதை மிகவும் கவனிக்க வேண்டும். ஒரு வாலிபன் கலியாணமாகாதவனாக இருக்கும்போது அந்நாட்டில் நிரந்தரமாய்க் குடியேற விண்ணப்பம் போடுகிறான். அனுமதி வந்து விடுகிறது. பயணத்துக்கு இன்னும் ஒரு மாதம் இருக்கும்போது வீட்டார், "பிள்ளையைத் தனியாக அனுப்புவதா?" என்று அவசரமாய் ஒரு முகூர்த்தம் பார்த்துத் தாலி கட்ட வைத்து அனுப்புகிறார்கள். அவன் அங்கு போய் இறங்குகிறான். விண்ணப்பம் எழுதின காலத்தில் கலியாணம் ஆகவில்லை. எழுதியது உண்மைதானே என்று நினைத்துப் பேசாமல் இருந்து விடுகிறான். பிறகு மனைவியை அழைக்க மனுப் போட்டால், "நீ இறங்கும்போது உன் மனைவியைப் பற்றி எங்களுக்குச் சொல்லவில்லை, அவளை நாங்கள் பரிசோதிக்கவில்லை, ஆகவே குடும்ப வகுப்பில் அவள் உன் மனைவியாகக் கருதப்பட மாட்டாள்" என்று பதில் வருகிறது. 2002-ஆம் வருஷத்து ஒழுங்குமுறைகளில் இப்படி ஒரு விதி இருக்கிறது. இதனால் எத்தனையோ தேசத்துக் குடும்பங்கள் பிரிந்து கிடந்தன. அதன் கொடுமையை உணர்ந்து 2019 செப்டம்பரில்தான் அந்தச் சர்க்கார் சிலருக்கு மாத்திரம் சலுகை காட்டும் ஏற்பாடு ஒன்றைத் தொடங்கியது. சலுகையை நம்பி இருப்பதா, விமானம் ஏறு முன் "எனக்கு இன்ன தேதியில் கலியாணம் ஆயிற்று" என்று ஒரு வரி எழுதிப் போட்டுப் பயணத்தைத் தள்ளி வைப்பதா? முகூர்த்த நாள் தவறினால் குடி கெட்டுவிடும் என்று பயந்தவர்களுக்கு, அந்த ஒரு வரி தவறியதால் குடி கெட்டது தெரியவில்லை.

இனி, பிழை எப்படி நேருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். பெரும்பாலான பிழைகளுக்கு மூலம் நம்முடைய மூடப் பழக்கங்களே.

தேதிப் பிழையை எடுத்துக்கொள்வோம். பையன் ஆடி மாதத்தில் 20 நாள் லீவில் வருகிறான். ஆடியில் கலியாணம் கூடாதாம். ஆகவே ஆடியில் "பதிவு" மட்டும் செய்து விசாவுக்குப் போட்டுவிட்டு, தையில் அவன் மறுபடியும் வந்த பிறகு "கலியாணம்" என்று வைத்துக்கொள்கிறார்கள். கலியாணத் தேதி எது என்று விண்ணப்பம் கேட்கிறது. ஒரு காகிதத்தில் ஆடித் தேதி. அழைப்பிதழிலும் போட்டோக்களிலும் தைத் தேதி. அதிகாரி சந்தேகப்படாமல் என்ன செய்வான்? 1954-ஆம் வருஷத்துத் தனித் திருமணச் சட்டப்படி அதிகாரியின் முன் கையெழுத்துப் போட்டால் அந்தக் கையெழுத்தே கலியாணம். அந்தத் தேதியே தேதி. 2009-ஆம் வருஷத்துத் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டமோ, ஏற்கெனவே நடந்த கலியாணத்தை 90 நாளைக்குள், தவறினால் அதிகக் கட்டணத்தோடு இன்னும் 60 நாளைக்குள், ரிஜிஸ்தரில் ஏற்றுவது மாத்திரமே. அதில் கலியாணத் தேதி வேறு, பதிவுத் தேதி வேறு. அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி சார்பதிவாளர் ஆபீசுகளில் பத்திரம் வாங்கி வருகிறவர்கள் அதில் எந்தத் தேதி எது என்று வாசற்படியிலேயே நின்று படித்துப் பார்த்தால் பாதித் தொல்லை அங்கேயே தீரும். சுயமரியாதைக் கலியாணம் செய்துகொண்டவனுக்கு ஆடியும் இல்லை, ஆவணியும் இல்லை. வந்த லீவில், நாலு பேர் முன்னிலையில், மாலை மாற்றிக்கொண்ட தேதி ஒன்றுதான் அவனுக்கு உண்டு.

பெயர்ப் பிழை இதைவிட வேடிக்கை. பள்ளிக்கூடப் பத்திரத்தில் ஒரு பெயர். பிறகு எண் கணிதக்காரன் ஒருவன், கூட்டுத்தொகை சரியில்லை என்று நடுவில் ஒரு எழுத்தைச் சேர்க்கச் சொல்கிறான். அந்தப் பெயரில் பாங்குக் கணக்கு. பாஸ்போர்ட்டில் பழைய பெயர். கலியாணப் பத்திரத்தில் மாமனார் இஷ்டப்படி மூன்றாவது பெயர். அதிர்ஷ்டம் வரவேண்டும் என்று சேர்த்த ஒரு எழுத்து இப்பொழுது புருஷனையும் பெண்சாதியையும் இரண்டு கண்டங்களில் வைத்திருக்கிறது. சேர்த்தவன் தன் கூலியைத் திருப்பிக் கொடுப்பானா?

பெயர் விஷயத்தில் நாம் பெருமைப்பட வேண்டிய தொல்லை ஒன்றும் உண்டு. 1929 பிப்ரவரியில் செங்கற்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மகாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று தீர்மானித்தது. தமிழ்நாடு அதைப் பெரும்பாலும் நிறைவேற்றியும் காட்டியது. இதனால், குடும்பப் பெயர் என்ன என்று வெள்ளைக்காரன் விண்ணப்பம் கேட்டால் நமக்குச் சொல்ல ஒன்றும் இல்லை. ஒருவர் தகப்பன் பெயரை எழுதுகிறார். ஒருவர் புருஷன் பெயரை எழுதுகிறார். ஒருவர் வெறுமனே விட்டுவிடுகிறார். வெறுமனே விட்டால் அமெரிக்க விசாவில் இருக்கிற ஒரே பெயரைக் குடும்பப் பெயராக வைத்து, முன்பெயர் தெரியாது என்று பொருள்படும் மூன்று எழுத்தை அச்சடித்துக் கொடுக்கிறார்கள். இதற்காக, விட்ட சாதிப் பட்டத்தைத் தேடி எடுத்து ஒட்டிக்கொள்ளச் சொல்லும் தரகர்களும் இருக்கிறார்கள்! அவசியமே இல்லை. "எங்கள் நாட்டில் குடும்பப் பெயர் கிடையாது; முன்னெழுத்து தகப்பனாருடையது; இந்த இரண்டு பத்திரத்திலும் இருப்பது ஒரே ஆள்தான்" என்று எழுதிக் கொடுத்தால் விளங்காத அதிகாரி இல்லை. அன்றியும், கலியாணம் ஆனதற்காகப் பெண் தன் பெயரை மாற்றிக்கொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மாற்றாமல் இருந்தால் திருத்த வேண்டிய வேலையும் இல்லை.

மூன்றாவது, புரோகிதர் விஷயம். நம் தோழர்களில் சிலருக்கு, "ஐயர் வைத்து நடக்காத கலியாணம் என்று எழுதினால் வெளிநாட்டான் ஒப்பமாட்டான்" என்று தரகர்கள் பயம் காட்டி, நடக்காத ஓமத்தையும் சுற்றாத நெருப்பையும் விண்ணப்பத்தில் எழுதி வைத்து விடுகிறார்கள். இந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. 1913 மார்ச்சு 14-ஆம் தேதி தென்னாப்பிரிக்காவில் கேப் மாகாண நீதிபதி சியர்ல் என்பவர், பலதாரத்தை அனுமதிக்கும் மத ஆசாரப்படி நடந்த கலியாணம் அந்நாட்டில் கலியாணமே அல்ல என்று தீர்ப்புச் சொல்லி, புருஷனிடம் போய்ச் சேர வந்த பாய் மரியம் என்னும் பெண்ணை உள்ளே விடக்கூடாது என்றார். ஒரே தீர்ப்பில் அங்கிருந்த இந்தியப் பெண்களில் பெரும்பாலோர் மனைவி அல்லாதவர்களாகி விட்டார்கள். காந்தியாரின் மற்றக் கொள்கைகளில் நமக்குள்ள அபிப்பிராய பேதம் யாவரும் அறிந்ததே. என்றாலும் அந்தப் போராட்டத்தில் தமிழ்ப் பெண்கள் கூலிக்காரக் குடும்பங்களிலிருந்து சிறைக்குப் போனதையும், தில்லையாடியை ஊராகக் கொண்ட குடும்பத்துப் பெண் வள்ளியம்மை சிறையில் கண்ட நோயால் 1914 பிப்ரவரி 22-ல் மாண்டதையும் நாம் மறக்க முடியாது. அவ்வருஷமே சட்டம் திருத்தப்பட்டது.

நம் சொந்த நாட்டிலே 1953-ல் சென்னை ஐக்கோர்ட்டு, சுயமரியாதைக் கலியாணம் சட்டப்படி செல்லாது என்றது. 1967-ல் அண்ணாதுரை மந்திரிசபை இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, அது 1968 ஜனவரியில் அமுலுக்கு வந்தது. அதற்கு முன் நடந்தவையும் செல்லும் என்று அதிலேயே சொல்லியிருக்கிறது. (நம்மை இந்து என்று சட்டம் சொல்வது வேறு விவகாரம்.) 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், அப்படிப்பட்ட கலியாணத்துக்கு ஊர் கூட்டிக் கொண்டாட்டம் நடத்த வேண்டியதில்லை என்றும் தீர்மானித்துவிட்டது. ஒரு கலியாணம் நடந்த இடத்தில் அது சட்டப்படி செல்லுமா என்பதைத்தான் வெளிநாட்டு அதிகாரியும் முதலில் பார்க்கிறான். செல்லும் என்று சட்டம் இருக்கும்போது, எந்தப் புரோகிதனை ஒழித்து நாம் கலியாணம் செய்தோமோ அதே புரோகிதனைக் காகிதத்தில் வரவழைத்து உட்கார வைப்பது என்ன சுயமரியாதை? அப்படி எழுதப்பட்டிருப்பது தெரிந்தால், அதுதான் முதலில் திருத்த வேண்டிய பிழை.

பிழை என்று சொல்ல முடியாத ஒன்றைப் பற்றியும் இங்கு சொல்லிவிட வேண்டும். விதவையாயிருந்து மறுமணம் செய்துகொண்ட பெண்ணையும், முதல் கலியாணத்தை ரத்துச் செய்துகொண்டு வந்த பெண்ணையும், "அதை எழுதாதே, மானம் போய்விடும்" என்று தகப்பனும் அண்ணனும் தடுக்கிறார்கள். இது கை தப்பியதல்ல, வாயை அடைத்தது. மறுமணத்தை மேடையில் ஆதரித்துவிட்டுக் காகிதத்தில் மறைப்பதற்கு நாம் ஒருபோதும் சம்மதிக்க முடியாது. அந்தப் பெண்ணுக்குக் குழந்தை இருந்து அதையும் மறைத்தால், பிற்காலத்தில் அந்தக் குழந்தையை அழைத்துக்கொள்ளவும் வழியில்லாமல் போகலாம். முந்திய கலியாணம் உண்டா என்ற கேள்விக்கு "உண்டு" என்று எழுதுவதில் என்ன கேவலம் இருக்கிறது?

விண்ணப்பத்தில் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். பெண்ணுடையது. விண்ணப்பத்தைப் படித்தவர்கள் யார்? புருஷன், மைத்துனன், தரகன். பெண் பி.ஏ.வும் பி.இ.யும் படித்திருப்பாள், ஆனாலும் "இங்கே போடு" என்று விரல் காட்டிய இடத்தில் போடுகிறாள். தடை வந்தால் அவள் பெயரில் வருகிறது. ஆகவே பிழையைத் திருத்தும் உரிமையும் முதலில் அவளுடையது. அவள் தரகனிடம் போய், அனுப்பிய விண்ணப்பத்தின் முழு நகலையும் கேட்டு வாங்க வேண்டும். கொடுக்க மறுப்பவனிடம் மேற்கொண்டு ஒரு காசும் கொடுக்கக்கூடாது.

நகலைப் படித்துப் பிழையைக் கண்ட பிறகு செய்ய வேண்டியது அதிகமில்லை. பிழை விண்ணப்பத்தில் மட்டும் இருந்தால், விண்ணப்ப எண்ணைக் குறித்து, இன்ன கேள்விக்கு இப்படி எழுதியிருக்கிறது, உண்மை இது, பிழை நேர்ந்த காரணம் இது, அத்தாட்சி இத்துடன் இருக்கிறது என்று அந்த நாட்டு ஆபீசுக்கு அவர்கள் வகுத்துள்ள வழியில் உடனே தெரிவிக்க வேண்டும். காரணத்தை ஜோடிக்க வேண்டாம், அழ வேண்டாம், குடும்ப கௌரவத்தைப் பற்றி ஒரு பக்கம் வேண்டாம். பிழை கலியாணப் பத்திரத்திலேயே இருந்தால் கொடுத்த ஆபீசில் மனுச் செய்து திருத்தி வாங்க வேண்டும். பெயரையே மாற்றுவதானால் சர்க்கார் கெஜட்டில் பிரசுரம் செய்துகொள்ள வேண்டும். அது நடந்து முடியும் வரையில் காத்திராமல், திருத்தத்துக்கு மனுச் செய்திருக்கிறோம் என்ற விஷயத்தையும் எழுதிவிட வேண்டும். விண்ணப்பத்தில் விழுந்த பிழைக்கு ஒத்தாற்போல் பத்திரத்தை மாற்றித் தருகிறேன் என்று எவனாவது சொன்னால், யோக்கியமான பிழையைப் போர்ஜரியாக்க அவன் கூலி கேட்கிறான் என்று அறியவேண்டும்.

இங்கிலீஷில் எழுத வராது என்பது இந்தப் பெண்களில் சிலருக்கும், அவர்கள் பெற்றோரில் பலருக்கும் உள்ள தடை. அதனால்தான் தரகனும் ஜோசியனும் பிழைக்கிறார்கள். அம்பத்தூரிலும் ஆவடியிலும் பூவிருந்தவல்லியிலும் நம் படிப்பகங்களில் மாலைதோறும் பத்திரிகை படிக்கும் தோழர்களில் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஞாயிற்றுக்கிழமை ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்கி, வருகிறவர்களின் விண்ணப்பத்தை அவர்களுக்கே வாசித்துக் காட்டி, திருத்தக் கடிதத்தை அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுத்து, நகல் ஒன்று அவர்கள் கையில் இருக்கும்படி செய்யலாம். சிக்கலான விஷயமானால் சட்டம் தெரிந்த வக்கீலிடம் அனுப்பலாம். முன்வரும் தோழர்கள் தங்கள் படிப்பகத்தின் விலாசத்தையும் நேரத்தையும் நமக்கு எழுதினால் அடுத்த இதழிலேயே பிரசுரிக்கிறோம்.